மீளப்பெறல்

ஓய்வூதியப் படிவத்தில் ஒன்பதாம் கேள்வி:
சேவைக்காலத்தில் ஆற்றிய பங்களிப்பு.
மூன்று கோடு இடம் விட்டிருக்கிறார்கள்.
ரிஜிஸ்ட்ரார் கந்தோரின் மின்விசிறி
இல்லை இல்லை என்று தலையாட்டுகிறது.

முப்பத்தொரு வருடம்
ஒரேயொரு கத்தரிக்கோலை மழுங்கடிக்கப் பார்த்தேன்.
டெங்கு வைரஸ் தன் நீண்ட புரதத்தை
அளவாய் நறுக்கிக்கொள்ள வைத்திருக்கும் நொதியம் அது.
அதன் வாய்க்குள் ஒரு சிறு கல்லைப் போட்டால் போதும்.
சொல்வதற்கு இலகு.

நாற்பத்தேழாம் சேர்வை
மங்கிய மஞ்சள் தூள்.
கிண்ணத்தில் போட்டதும் கத்தரி நின்றது.
கட்டுரை வந்தது, பீடத்தில் லவ் கேக் வெட்டினார்கள்,
ஞாயிறு பத்திரிகை எழுதியது:
'கொழும்பில் டெங்குவுக்கு மருந்து?'
அந்தக் கேள்விக்குறியை நான்
பதினொரு வருடம் கவனிக்கவில்லை.

ரிஸ்மினா மருதமுனையிலிருந்து வந்தவள்.
இறுதி வருடச் செயற்றிட்டமாய்
பழைய அளவீட்டைத் திரும்பச் செய்யச் சொல்லியிருந்தேன்,
கை பழகட்டும் என்று.
அவள் கலவையில் ஒரு துளி சோப்பு விட்டுப் பார்த்திருக்கிறாள்.
ஏன் என்று இன்றுவரை சரியாகச் சொன்னதில்லை.
கத்தரி மீண்டும் வெட்டத் தொடங்கியது.

பத்தொன்பது நாள் வாய் திறக்கவில்லை.
பதினாலு தடவை திரும்பச் செய்தாள்.
பிறகு ஒரு மதியம்
கொப்பியை நெஞ்சோடு அணைத்தபடி கதவடியில் நின்றாள்.
"மேடம், நான்தான் எங்கேயோ பிழை விட்டிருக்கிறேன்."

எனக்கு முதலில் கோபம் வந்தது.
இதையும் எழுதத்தான் வேண்டும்.
"குழாயெல்லாம் வடிவாய்க் கழுவினாயா?"
"கழுவினேன் மேடம்."
அழாமல்தான் நின்றாள்.
அழுதிருந்தால் நான் தப்பியிருப்பேன்.

அன்றிரவு தனியே செய்து பார்த்தேன்.
வெளியே தும்முல்லைச் சந்தியில் மழை.
இரண்டு மணிக்கு விளங்கிற்று:
என் மூலக்கூறு கத்தரியின் வாய்க்குள் போகவேயில்லை.
தண்ணீரில் தங்களுக்குள் ஒட்டித் திரண்டு
கும்பலாய் வந்து
நொதியத்தைப் பிடித்து அமுக்கியிருக்கின்றன.
சோப்பு விட்டால் கும்பல் கலைந்துவிடும்.
கும்பலாய் வந்தால் யாரையும் அமுக்கலாம்.
எண்பத்து மூன்றில் வெள்ளவத்தையில் இருந்தவளுக்கு
அதை இரசாயனவியல் சொல்லித்தரத் தேவையில்லை.

பீடாதிபதி வீரக்கொடி நல்ல மனுஷன்.
"யார் பார்க்கப்போகிறார்கள், ஏன் அவசரம்?" என்றார்.
சஞ்சிகைக்கு நானே எழுதினேன்:
கட்டுரையை மீளப்பெறுகிறேன்;
பிழையைக் கண்டவர் பெயர் இது.
அந்த வருடம் மானியமும் போயிற்று.
ரிஸ்மினா ஒரு மாதம்
என்னைக் கண்டால் மற்றப் படியால் இறங்கினாள்.

பிறகு வந்த பிள்ளைகளுக்கு
அதுவே முதல் வேலையாயிற்று.
"மேடமின் பிழையைச் செய்து பார்."
தனுஷ்க லைப்சிக்கிலிருந்து இப்போதும் எழுதுகிறான்,
தன் நல்ல முடிவு எதைக் கண்டாலும்
வயிறு கலங்குகிறதாம்.
நல்லது, கலங்கட்டும்.
டீசல் வரிசையில் கானோடு
இரண்டு இரவு நின்று
உறைபெட்டியைக் காப்பாற்றியவர்கள் இந்தப் பிள்ளைகள்தான்.
உள்ளே இருந்ததில் பாதி
வேலை செய்யாத சேர்வைகள் என்று தெரிந்தும்.

கொரோனாக் காலத்தில் தொலைக்காட்சிக்காரர்
மருந்து என்ன என்று கேட்டார்கள்.
சோப்பு என்றேன்.
அதன் கொழுப்புச் சட்டை கழன்றுவிடும் என்றேன்.
அந்தப் பகுதியை வெட்டிவிட்டார்கள்.
காலால் மிதிக்கும் குழாயடியில்
ஊரே கை கழுவிக்கொண்டிருந்தது,
எனக்கு மட்டும் ஒவ்வொரு நுரையிலும்
நாற்பத்தேழு கரைந்தது.

டெங்குவுக்கும் அதே சட்டைதான்.
ஆனால் அது கையால் வருவதில்லையே.

முதல் கோட்டில் எழுதினேன்:
ஒரு கட்டுரையை மீளப்பெற்றேன்.
எழுதுவினைஞர் எட்டிப் பார்த்து
"மிஸ், இதில் விருதுகளைத்தான் போடுவார்கள்" என்கிறார்.
தெரியும் தம்பி.
இன்னும் இரண்டு கோடு கிடக்கிறது.
மேசைக்குக் கீழே, கணுக்காலில்,
ஒரு நுளம்பு.